முள்ளுக்கு வந்த காய்ச்சல்

நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா முழுக்கப் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் மட்டும் பேச்செல்லாம் ஒரு முள்ளைப் பற்றித்தான். என் புருஷன் ஓட்டிய வாடகைக் காடியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் வட்டமாக ஒரு சின்ன மீட்டர் இருக்கும். இடது பக்கம் நீலக்கோடு, வலது பக்கம் சிவப்புக்கோடு, நடுவில் அந்த முள். எஞ்சினில் ஓடும் தண்ணீர் எவ்வளவு சூடு என்று காட்டுவது அதன் வேலை. அது செய்த வேலையோ, கல்யாணமாகி வந்த புதுப்பெண்ணான என்னை வீட்டை விட்டுக் கிளப்பப் பார்த்ததுதான்.

கார் என்று நாங்கள் சொல்லமாட்டோம், காடி என்றுதான் சொல்வோம். ஒரு தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பெரிய கறுப்புக் காடி. என்னைப் பார்ப்பதற்கு முன்பே என் புருஷன் அதைப் பார்த்துவிட்டார், ஆகவே ஆசையில் எனக்கு இரண்டாவது இடம்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. காலையில் எழுந்ததும் அவர் அதன் மூக்கைத் துடைப்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். காஜா பெராங்கிலிருந்து தம்பின் ரயில் ஸ்டேஷனுக்கு ஆள் ஏற்றிப் போவது அவருக்கு முக்கியமான சவாரி. மலாக்காவில் ரயில் இல்லை, கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ ரயிலில் போகிறவர்கள் தம்பினுக்குத்தான் போயாகவேண்டும்.

எங்கள் கல்யாணம் வைகாசியில் நடந்தது. என் வீடு புக்கிட் ரம்பாய் பக்கம், கித்தா என்கிற ரப்பர்த் தோட்டத்தில் கூலிவீட்டு லயம். தாலி கட்டி முடிந்து அந்தக் காடியிலேயே என்னை அழைத்து வந்தார்கள். பின் சீட்டில் நானும் அவரும். முன்னால் அவருடைய கூட்டாளி ஓட்ட, பக்கத்தில் என் மாமியார். பாதி வழியில் அந்தக் கூட்டாளி, "என்னா இது, முள்ளு சிவப்புக்குப் போவுது," என்றார். என் புருஷன் மாலையும் கழுத்துமாக இறங்கி பானட்டைத் திறந்தார். நானும் பட்டுப்புடவையோடு கித்தாப் பால்மரத்தடியில் நின்றேன். அத்தை எஞ்சினைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

அத்தை கெட்டவர் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாமியார் கதை என்று நீங்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள். வீட்டில் மீன் பொரித்தால் நடுத்துண்டு எனக்குத்தான் வரும். ஆனால் சகுனம், ராசி, வேளை என்று எதையாவது பிடித்துக்கொண்டால் விடமாட்டார். அன்று முதல் முள் சிவப்பிலேயே குடியிருந்தது. நான் வந்த அன்று ஏறிய முள் இறங்கவே இல்லை என்பது அத்தைக்குப் போதுமானதாக இருந்தது.

என் புருஷனுக்கு அந்த முள்தான் முதலாளி. அது சிவப்பைத் தொட்டால் உடனே காடியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, ஆறும்வரை காத்திருப்பார். அப்படிக் காத்திருந்ததில் தம்பின் சவாரிக்காரர்கள் ரயிலைத் தவறவிட்டார்கள். ஒருவர் மாப்பிள்ளை பார்க்கப் போக வேண்டியவர், நடுரோட்டில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு பஸ் ஏறினாராம். அப்புறம் சவாரி குறைந்தது. பட்டறைக்காரர் வந்து முள்ளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "எஞ்சினைத் திறந்தாத்தான் தெரியும். உள்ள வெடிச்சிருக்கலாம்," என்றார். எஞ்சினைத் திறப்பது என்றால் காடியை விற்பதற்குச் சமம் என்று என் புருஷன் முகம் சொன்னது.

அதற்குப் பிறகுதான் எனக்கு வலித்தது. கடைத்தெருவுக்குப் போகலாம் என்று நான் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றால், அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னிக்கு நீ வர வேணாம்லா, வெயிலா இருக்கு," என்பார். காஜா பெராங்கில் வெயில் இல்லாத நாள் எது? அத்தை சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். இவரும் பாதி நம்பிவிட்டாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆடி நெருங்கியது. புதுப்பெண் ஆடி மாதம் தாய்வீட்டுக்குப் போவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அத்தை எதிர்வீட்டு அம்மாவிடம் வாசலில் நின்று சொன்னது என் காதில் விழுந்தது. "ஆடிக்கு அனுப்பிட்டு, காடி சரியானதும் அழைச்சுக்கலாம்னு இருக்கேன்." ஆவணி பிறந்ததும் என்று அவர் சொல்லவில்லை. காடி சரியானதும் என்றார். அது சரியாகாவிட்டால்? எனக்கு இயல்பிலேயே கோபம் மூக்குக்கு மேல் வரும். அன்று அது தலைக்கு மேல் போயிற்று. தோசைக் கரண்டியை அடுப்பங்கரைச் சுவரில் ஒரு போடு போட்டேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் காலையில் காடிக் கண்ணாடியைத் துடைக்கப் போனேன். ஏறத்தான் கூடாது, துடைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. என் புருஷன் சாவியைத் திருகினார். வழக்கமாகத் திருகிய கையோடு ஸ்டார்ட் பொத்தானையும் அமுக்கிவிடுவார். அன்று பொத்தானை அமுக்குமுன் அத்தை கோப்பி குடிக்கக் கூப்பிட, சாவியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். எஞ்சின் ஓடவில்லை. நான் உள்ளே குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த முள் மெதுவாக, சோம்பேறி மாதிரி, நீலத்திலிருந்து எழுந்து, நடுவைத் தாண்டி, சிவப்பில் போய் உட்கார்ந்தது.

நான் துணியைப் போட்டுவிட்டு பானட்டைத் திறந்தேன். எஞ்சின் மேல் கையை வைத்தேன். ராத்திரி முழுக்கப் பனியில் நின்ற இரும்பு ஜில்லென்று இருந்தது.

"இந்தாங்க," என்று கூப்பிட்டேன். அவர் பெயரை நான் இன்றுவரை சொன்னதில்லை. "இங்க வந்து கைய வைங்க."

கோப்பிக் குவளையோடு வந்தார். வைத்தார்.

"சூடா இருக்கா?"

"இல்ல."

"இப்ப முள்ளைப் பாருங்க."

அவர் முள்ளைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். கோப்பி சாய்ந்து காலில் கொட்டியது, அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"நான் இன்னும் ஏறவே இல்லிங்க. துடைக்கத்தான் செஞ்சேன். ராத்திரி பூரா தூங்கின காடிக்கு விடியக்காலையில காய்ச்சல் எப்படி வரும்? உலை கொதிச்சா மூடி ஆடும், சத்தம் போடும், தண்ணி வத்தும். இந்தக் காடி என்னிக்காவது தண்ணி வத்திச்சா? புகை விட்டுச்சா? அந்த முள்ளு சொல்லுதுன்னு நீங்க என்னை எறக்கி விட்டீங்களே."

அவர் குவளையைக் கீழே வைத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டார். அதுவும் ஒருவகை பதில்தான்.

எஞ்சின் மேல்பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைக் குமிழ் திருகியிருந்தது. அதன் அடிப்பாகம் தண்ணீரில் நனைந்திருக்கும், தலையிலிருந்து ஒரு வயர் முள்ளுக்குப் போகும். தண்ணீரின் சூட்டைத் தொட்டுப் பார்த்து முள்ளுக்குச் சொல்வது அந்தக் குமிழ். இன்றைக்கு என் பேரப்பிள்ளைகள் அதைச் சென்சார் என்கிறார்கள். அன்று எங்களுக்கு அது பித்தளைக் குமிழ்.

எங்கள் வீட்டில் விளக்கு எரியாவிட்டால் உடனே புது பல்பு வாங்க ஓடமாட்டோம். பல்பைக் கழற்றி அடுத்த அறையில் போட்டுப் பார்ப்போம். அங்கே எரிந்தால் பல்பு நல்லது, கோளாறு வேறிடம். அதையே இங்கேயும் செய்யலாமே என்றேன். அவர் குமிழின் தலையிலிருந்து வயரை உருவினார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கீழே இறங்கி நீலத்தில் படுத்தது. வயரைச் செருகினார், ஏறியது. உருவினார், இறங்கியது. அப்படியென்றால் முள் நல்லது, வயரும் நல்லது. குமிழ்தான் பொய் சொல்கிறது.

இரண்டு பேரும் சிறுபிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தோம். அத்தை வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வயரைப் புடுங்கினா எந்த முள்ளும்தான் வுழும். இதுல என்னாத்த கண்டுபுடிச்சிட்டீங்க? நாளைக்கு எஞ்சின் வெடிச்சு நிக்கும்போது இந்தக் கத கைகொடுக்குமா?"

கோபம் வந்தாலும் ஒப்புக்கொள்ளவேண்டும், அத்தையின் கேள்வி நியாயமானது. குமிழ் கெட்டது என்று அவர் கண்ணால் காணவேண்டும். புதுக் குமிழ் நல்லது என்றும் காணவேண்டும். டவுனில் ஒரு சீனர் கடையில் அதே மாதிரி ஒன்று இருந்தது. ஆனால் கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார், எஞ்சினில் திருகி மரையில் கீறல் விழுந்துவிட்டால் திருப்பி வாங்கமாட்டாராம். திருகாமல் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் எடுத்துப்போகலாமாம். ஆகவே எஞ்சினுக்குள் போடாமல், வெளியிலேயே குமிழைச் சுடவைக்க வேண்டும்.

அதற்குத் தோதான அடுப்பு பக்கத்து வீட்டு அக்காவுடையது. அவர் மலாக்காச் செட்டி வம்சம். எங்கள் அம்மனையே கும்பிடுவார், நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், ஆனால் பேசுவது மலாய்தான். சாரோங்கும் கெபாயாவும் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கூவே என்கிற மலாய்ப் பலகாரம் அவித்து விற்பார். ஆகவே கொதிக்கும் தண்ணீர் அந்த வீட்டில் எப்போதும் உண்டு. விஷயத்தைச் சொன்னதும், "போலே, போலே," என்று சிரித்தார். தாராளமாகச் செய் என்று அர்த்தம். கூவேப் பானையைத் தரமாட்டேன், பழைய பானையில் வைத்துக்கொள் என்று மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

என் புருஷன் காடியை வேலியோரம் கொண்டு வந்து நிறுத்தினார். எஞ்சின் தண்ணீரை வடித்துவிட்டுப் பழைய குமிழைக் கழற்றினார். நீளமாக இரண்டு வயர்களை இழுத்து, வேலியைத் தாண்டி, அக்கா வீட்டுச் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். ஒரு வயர் குமிழின் தலைக்கு, இன்னொன்று குமிழின் உடம்பிலிருந்து காடியின் இரும்புக்கு. முதலில் இரண்டாவது வயரை மறந்துவிட்டார். குமிழை எதில் போட்டாலும் முள் செத்த மாதிரி கிடந்தது. எஞ்சினில் இருக்கும்போது குமிழின் உடம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும், பானையில் அந்தத் தொடுப்பு இல்லை என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு இன்னொரு வயரைக் கட்டினார்.

முள்ளை யார் பார்ப்பது? நான் பார்த்தால் அத்தை நம்பமாட்டார். அவர் பார்த்தாலும், பொண்டாட்டிக்காகச் சொல்கிறான் என்பார். "நீங்களே உக்காருங்கத்த," என்றேன். அத்தை கொஞ்சம் தயங்கினார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவை. எங்கே போகப் போகிறார் என்று அக்கா ஜன்னலிலிருந்து கேட்டுவிட்டு, அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

சந்துமுனை ஐஸ்காரரிடம் ஒரு துண்டு ஐஸ் வாங்கி வாளித் தண்ணீரில் போட்டோம். அத்தையைக் கூப்பிட்டு, கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். விட்டார், "அப்பப்பா" என்று உதறிவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார். பழைய குமிழை அந்த ஐஸ் தண்ணீரில் போட்டேன்.

"எங்க நிக்குது அத்த?"

அத்தை முள்ளுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"அத்த?"

"சிவப்புல," என்றார் அத்தை. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஐஸ் தண்ணியிலயா?"

"சிவப்புலதான்னு சொல்றேன்ல."

பிறகு புதுக் குமிழைக் கட்டினோம். ஐஸ் தண்ணீரில் போட்டதும் முள் நீலத்திலேயே கிடந்தது. "நீலம்," என்றார் அத்தை. வாளியிலிருந்து எடுத்துத் துடைத்து, ஜன்னல் வழியாக அக்காவிடம் நீட்டினேன். "ஆயேர் சுடா பானாஸ், அடேக்," என்றார், தண்ணீர் சூடாகிவிட்டது தங்கச்சி என்று. குமிழை நூலில் கட்டிப் பானைக்குள் இறக்கினார். நான் வேலிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பார்த்தேன். தண்ணீர் இன்னும் கொதி வரவில்லை, ஓரத்தில் முத்து முத்தாகக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"ஏறுது," என்றார் அத்தை. "நடுவுக்கு வந்திருச்சு. இன்னும் ஏறுது. தாண்டிருச்சு."

பானையில் தளதளவென்று கொதி வந்தது. அக்கா மலாயில் கத்தினார். அதே சமயம் அத்தை, "சிவப்பு, சிவப்பு," என்று தமிழில் கத்தினார். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாவிட்டாலும் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் கத்தினார்கள். என் புருஷன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆடாத குறைதான். குமிழை மறுபடி வாளியில் போடு என்று அத்தையே உத்தரவு போட்டார். போட்டோம், முள் இறங்கியது. மறுபடி பானையில் போடு என்றார். ஏறியது. அத்தைக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போய், அக்காவின் அன்றைய கூவே தாமதமாகும்வரை எங்களை விடவில்லை.

காடியிலிருந்து இறங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், "சரி, பசிக்குது, சோத்தப் போடு," என்றார். நான் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும், ஆனால் கேட்கவில்லை.

என் புருஷன் புதுக் குமிழை மாட்டினார். மறுநாள் தம்பின் சவாரி, நடுவில் எங்கும் நிற்கவில்லை. முள் பாதியிலேயே நின்றதாம், மலையேறும்போதுகூட அசையவில்லையாம். பட்டறைக்காரரிடம் பழைய குமிழைக் காட்டியிருக்கிறார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நானும் அதைத்தான் நினைத்தேன் என்றாராம். போகட்டும். சவாரிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சுதந்திரக் கொண்டாட்டத்துக்கு அப்போதே காடி பிடித்து வைத்துக்கொள்கிறவர்கள்கூட வந்தார்கள்.

அப்புறம் வந்ததுதான் வேடிக்கை. தெருவில் எல்லாரும் என்னைத் தலையில் தூக்கி வைத்து ஆட ஆரம்பித்தார்கள். மருமகள் கை வைத்ததும் காடி ஓடுகிறது, மகாலட்சுமி என்றார்கள். அத்தையும் அதற்குத் தலையாட்டினார். ஒருநாள் சவாரிக்குக் கிளம்பும் முன், "ஒரு தடவ ஏறி எறங்கிட்டுப் போம்மா, ராசியான காலு," என்றார். எனக்கு வந்ததே கோபம்.

"அத்த, கெட்டதுக்கு நான் காரணம் இல்லன்னா நல்லதுக்கும் நான் காரணம் இல்ல. காடி பெட்ரோல்ல ஓடுது. நாளைக்கு டயரு வெடிச்சா அதுவும் என் காலுலதான் வந்து நிக்கும். எனக்கு அந்த வேலையே வேணாம்."

என் புருஷன் சாவியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினார். அத்தை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போனார். அன்று முழுக்கப் பேசவில்லை. வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொண்டேனோ என்று எனக்கே பயமாகிவிட்டது. அந்த நிலையில்தான் ஆடி பிறந்தது. முன் சீட்டில் உட்காரவைத்து என்னைப் புக்கிட் ரம்பாயில் விட்டுவிட்டு வந்தார் என் புருஷன். அத்தை வாசலில் நின்று, போய்ட்டு வா என்றார். எப்போது வா என்று சொல்லவில்லை.

அந்த ஆடி எனக்கு நீண்டுகொண்டே போனது. அம்மா வீட்டில் ராஜமரியாதைதான், ஆனாலும் ரோட்டில் எந்த எஞ்சின் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்ப்பேன். என் தங்கை கேலி பண்ணுவாள். ஆவணி முதல் தேதி காலையிலேயே தலைக்குக் குளித்து, பூ வைத்து, பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். காடி வரவில்லை. வெயில் ஏறியது. காடி வரவில்லை. சாப்பிட வா என்று அம்மா கூப்பிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. காடி மறுபடி கெட்டுவிட்டதா? மறுபடி என் காலா? வாய் பேசியதற்குத் தண்டனையா? கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

அப்போது மண் ரோட்டில் ஒரு குடை வந்தது. குடைக்குக் கீழே அத்தை. செருப்பெல்லாம் செம்மண், முகமெல்லாம் வேர்வை, கையில் அக்கா கொடுத்தனுப்பிய கூவேப் பொட்டலம். எங்கள் லயத்துக்கு பஸ் வராது. பெரிய ரோட்டில் இறங்கி அவ்வளவு தூரமும் நடந்திருக்கிறார்.

நான் ஓடிப்போய்க் குடையை வாங்கிக்கொண்டேன். "என்ன அத்த இது? காடிக்கு என்ன ஆச்சு?"

"காடிக்கு என்னா, நல்லாத்தான் ஓடுது. விடியக்காலையிலயே தம்பின் சவாரி. அவன் வந்து கூட்டிட்டுப் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்."

"அதுக்காக நீங்க நடந்து வரணுமா?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காடி வந்தாத்தான் நீ வரணும்னு இருக்கா? காடி ஓடினாலும் ஓடாட்டியும் நீ எம் மருமவ. பெட்டிய எடு, பஸ் போயிரும்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. நடுரோட்டில், தோட்டமே பார்க்க, அத்தையைக் கட்டிக்கொண்டேன். "விடுடி, வேர்வ," என்றார் அத்தை, ஆனால் அவரும் விடவில்லை. அம்மா ஊட்டாத குறையாக இரண்டு பேரையும் சாப்பிட வைத்தார். பிறகு ஒரே குடைக்குள் பெரிய ரோடுவரை நடந்துபோய், காஜா பெராங்குக்கு நாங்கள் பஸ்ஸில்தான் திரும்பினோம்.